முப்புரத்தில் மூன்று பேர்

பண்ருட்டிக்குப் பலாப்பழம் வாங்கப் போனவன், திரிபுர தகனத்தில் மாட்டிக்கொண்ட கதை இது.

வைகாசி வெயில். கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரனும் கூடத் தொற்றிக்கொண்டான். ஒன்பது வயது. கையில் ஒரு சித்திரக்கதைப் புத்தகம். பஸ்ஸில் ஏறியதிலிருந்து அதில் தலையைக் கவிழ்த்தவன் பண்ருட்டியில்தான் நிமிர்ந்தான். பழக் கடைக்காரர் நல்ல பழமாக எடுத்து வைக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றார். ஒரு மணி நேரத்தைப் பஸ் நிலையத்தில் கழிப்பதைவிடத் திருவதிகையில் கழிக்கலாமே என்று தோன்றியது. இரண்டு மைல் தூரங்கூட இருக்காது. ஆட்டோவில் ஏறினோம்.

கெடிலக் கரையில் இருக்கும் அந்தக் கோயிலை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கோபுர வாயிலில் இருபுறமும் நடனக் கரணங்கள், சிதம்பரத்தில் இருப்பதைப் போலவே. உள்ளே பதினாறு பட்டைகளுடன் மிகப் பெரிய லிங்கம். தேர் போல உயர்ந்து நிற்கும் விமானம். பெருமான் வில்லேந்தி, தேரேறி, முப்புரத்தை எரித்த இடம் இதுதான் என்பது தலத்தின் பெருமை. பக்கத்திலேயே சரநாராயணப் பெருமாள் கோயில். அந்தப் போரில் சரமாக, அதாவது அம்பாக, வந்தவர் திருமால் அல்லவா? அவருக்கும் இங்கே ஒரு கோயில் வேண்டியதுதானே!

இதையெல்லாம் நான் பிரமாதமாக விளக்கிக்கொண்டிருந்தேன். பேரன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, ஒரு வக்கீலைப் போல விசாரணையை ஆரம்பித்தான்.

"வில்லன் எத்தனை பேர், தாத்தா?"

"மூணு பேர். அண்ணன் தம்பிகள்."

"அவங்க பவர் என்ன?"

"பறக்கும் கோட்டை. பொன்னில் ஒண்ணு, வெள்ளியில் ஒண்ணு, இரும்பில் ஒண்ணு. மூணும் ஆகாயத்தில் சுத்திக்கிட்டே இருக்கும். மூணும் ஒரே நேர்க்கோட்டில் வர்ற நொடியில் ஒரே அம்பால அடிச்சால்தான் அழியும்."

"சூப்பர்! அப்புறம், அவங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை. தேர் தெரியும், வில் தெரியும், நாணாக வந்த பாம்பு தெரியும், குதிரைகளாக வந்த வேதங்கள் தெரியும். தேரின் அச்சு முறிந்த இடமாக அச்சிறுபாக்கத்தைச் சொல்வதுகூடத் தெரியும். எரிக்கப்பட்டவர்கள் செய்த குற்றம் மட்டும் தெரியாது. அறுபது வயதைத் தாண்டியவன், கதை எழுதியே காலம் தள்ளியவன், வில்லன் ஏன் வில்லன் என்று ஒரு நாளும் கேட்காமல் இருந்திருக்கிறேன்!

"தேவர்களைத் துன்புறுத்தினாங்க" என்று சமாளித்தேன்.

"எப்படி?"

"பலாப்பழம் காத்துக்கிட்டு இருக்குடா, வா" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வாஸ்தவத்தில், அவன் கேட்டதில் ஆச்சரியமே இல்லை. அவன் படிக்கும் சித்திரக்கதைகளில் வில்லனுக்கு ஒரு பூர்வோத்தரம் இல்லாமல் இருப்பதில்லை. எங்கே பிறந்தான், யார் அவனை ஏமாற்றினார்கள், எந்த விபத்தில் சக்தி வந்தது என்று நாலு பக்கமாவது ஒதுக்கியிருப்பார்கள். நான் படித்த சித்திரக்கதைகளிலும் அப்படித்தான் இருந்தது. மறந்து போயிருந்தேன்.

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது நான் பேரன் வயதுப் பையன். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மூலக்கதை 1962-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் வந்தது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்ட விஷயம். அப்போது எங்களுக்கு மாயாவி என்றால் பக்கத்துத் தெருக்காரன் மாதிரி. ஆராய்ச்சிக்கூடத்து விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டவன் லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அவன் மின்சாரச் சட்டத்தில் விரலை வைக்கும் படம் வந்தாலே எங்கள் வீட்டில் அம்மாவுக்கு உதறல் எடுக்கும். ஸ்விட்சுப் பெட்டி இருந்த சுவர்ப் பக்கம் நாங்கள் நின்றால் ஓடி வருவாள்.

இந்தக் கிராண்டேல் முதலில் வீரன் அல்ல. சக்தி கிடைத்ததும் அவன் செய்த முதல் காரியம் திருட்டு. உலகத்தின் மேல் ஆத்திரம் கொண்டு, ஊரையே மிரட்டிய குற்றவாளியாகத்தான் அவன் கதைக்குள் நுழைகிறான். பிற்பாடுதான் நிழற்படை என்ற ரகசிய ஸ்தாபனத்தில் சேர்ந்து நல்லவனாகிறான்.

1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்ட காலம். ஆபீஸ் பைலுக்குள் வைத்துப் படித்தேன் என்பதை இப்போது சொன்னால் யாரும் சம்பளத்தைப் பிடிக்கப் போவதில்லை. அதில் வந்த ஸ்பைடரை எங்கள் வட்டாரத்தில் கூர்மண்டையன் என்போம். அவன் வந்த நோக்கமே குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவது. இதை மூடி மறைக்கவும் இல்லை. போகப் போக மற்ற வில்லன்களோடு மோதி, அவர்களைத் தோற்கடிப்பதிலேயே அவனுக்கு ருசி ஏற்பட்டு, மெல்ல நியாயத்தின் பக்கம் நகர்ந்துவிட்டான். இந்தக் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல் என்கிற அமெரிக்கர். 1938-இல் ஜோ ஷூஸ்டர் என்ற நண்பரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தாரே, அவரேதான்.

சூப்பர்மேன் பிறந்த கதையிலும் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1933-இல், இதே இரண்டு இளைஞர்களும் தாங்களே அச்சடித்த சிறு பத்திரிகையில் 'சூப்பர்மேனின் ஆட்சி' என்று ஒரு கதை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பெரும் பஞ்சகாலம். இலவச ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் ஒரு பரம ஏழையை ஒரு விஞ்ஞானி வீட்டுக்கு அழைத்துப் போய் மருந்து கொடுக்கிறான். ஏழைக்கு மற்றவர் மனத்தை ஆட்டிவைக்கும் சக்தி வந்துவிடுகிறது. உலகத்தை ஆளப் புறப்படுகிறான். மருந்தின் வேகம் தணிந்ததும் பழையபடி ரொட்டி வரிசைக்கே போய் நிற்கிறான். ஆக, உலகத்தின் முதல் சூப்பர்மேன் ஒரு வில்லன்! அவன் பசித்தவன் என்பதையும் கவனியுங்கள்.

நம் நாட்டிலேயே உருவான வீரர்களிலும் இது உண்டு. டில்லியில் ராஜ் காமிக்ஸ்காரர்கள் 1986-இல் வெளியிட்ட நாகராஜைத் தமிழ் வாசகர்கள் அவ்வளவாக அறிய மாட்டார்கள். வட நாட்டில் அவனைத் தெரியாத பையன் கிடையாது. உடம்பெல்லாம் பாம்புகள், மூச்சில் நஞ்சு. நாகமணி என்கிற ஒரு தீய விஞ்ஞானி பயங்கரவாதிகளுக்கு வாடகைக்கு விடுவதற்காகத் தயாரித்த ஆயுதம் அவன். கோரக்நாதர் என்னும் துறவி அவனை அந்த அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த பிறகுதான் வீரனாகிறான். முதல் இதழ்களுக்குப் படம் போட்டவர் பிரதாப் முளிக். அமர் சித்திரக் கதைக்கும் ஏராளமாக வரைந்தவர். அனந்த் பை 1967-இல் தொடங்கிய அந்த வரிசையில் நம் புராணங்கள் எல்லாம் படமாக வந்தன. டெலிவிஷன் வினாடி வினாப் போட்டியில் கிரேக்கத் தெய்வங்களைப் பற்றிப் பதில் சொன்ன நம் பிள்ளைகள் ராமனின் தாயார் பெயர் தெரியாமல் விழித்ததைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணமே வந்ததாம். நல்ல காரியந்தான். ஆனால் அந்தப் புத்தகங்களில் அசுரனை அடையாளம் காணக் கதையைப் படிக்கவே வேண்டாம். கறுத்த மேனி, கடைவாய்ப் பல், பருத்த உடம்பு. கதையே அவனுக்காக வாதாடினாலும், வர்ணம் முதல் பக்கத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடும்.

பேரனுக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே! பழைய நூல்களைத் தூசி தட்டினேன். முப்புரத்துக் கதையை அதன் வயதுக் கிரமப்படி வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஒரு விசித்திரம் தென்பட்டது.

மிகப் பழையது யஜுர் வேதத்துத் தைத்திரீய சங்கிதையில் இருக்கிறது. ஏழெட்டு வரி. அசுரர்களுக்கு மூன்று கோட்டைகள்: கீழே இரும்பு, அதற்கு மேல் வெள்ளி, அதற்கும் மேல் பொன். தேவர்களால் வெல்ல முடியவில்லை. அக்கினியை முனையாகவும், சோமனைப் பொருத்தாகவும், விஷ்ணுவைத் தண்டாகவும் வைத்து அம்பு செய்தார்கள். எய்வது யார்? ருத்திரன்தான் கொடியவன், அவன் எய்யட்டும் என்கிறார்கள். ருத்திரன் சும்மா எய்துவிடவில்லை. கூலி கேட்கிறான். விலங்குகளுக்கெல்லாம் நான் அதிபதியாக வேண்டும் என்கிறான். பசுபதி என்ற பட்டம் அப்படி வந்தது. இந்தக் கதையில் வீரனுக்குத்தான் பூர்வோத்தரம். அசுரர்களுக்குப் பெயர்கூட இல்லை. அவர்கள் செய்த தப்பு என்ன? கோட்டை வைத்திருந்தது. அவ்வளவுதான்!

நம் சங்கப் புலவர் மருதன் இளநாகனாரும் புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் மலையை வில்லாகவும் பாம்பை நாணாகவும் கொண்டு ஒரே கணையால் மூன்று எயிலை அழித்ததைப் பாடுகிறார். பாண்டியனைப் புகழ்வதற்காக வந்த உவமை அது. உள்ளே இருந்தவர்கள் யார் என்ற பேச்சே இல்லை.

மகாபாரதத்துக்கு வந்தால் வில்லன்களுக்குத் திடீரென்று வாழ்வு வந்துவிடுகிறது. பெயர் உண்டு: தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி. தகப்பன் உண்டு: தேவர்களோடு நடந்த போரில் மாண்ட தாரகாசுரன். பிரமனை நோக்கித் தவம் உண்டு. சாகாவரம் கேட்கிறார்கள், பிரமன் மறுக்கிறார். சரி, ஆகாயத்தில் உலவும் மூன்று நகரங்கள் வேண்டும், ஆயிரம் ஆண்டுக்கு ஒரு முறை அவை ஒன்று கூடும்போது ஒரே அம்பால் அடிப்பவனால் மட்டுமே சாவு வரவேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். மயன் கட்டித் தருகிறான். அதிலும் தாரகாட்சனின் மகன் ஒரு வரம் வாங்கி ஒரு குளம் உண்டாக்குகிறான். போரில் செத்தவர்களை அதில் முக்கினால் பிழைத்தெழுவார்கள். எந்தச் சித்திரக்கதைக்காரனும் பொறாமைப்படுவான்! சூப்பர்மேனுக்குக் கிரிப்டோனைட் என்ற பலவீனத்தை 1943-இல் ரேடியோ நாடகத்துக்காகக் கண்டுபிடித்தார்கள். நம்மவர்கள் வரத்துக்குள்ளேயே ஓட்டையை வைத்து அனுப்புவதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கமாக்கிவிட்டார்கள். ஒரு காரியம் பாக்கியில்லாமல் தப்பும் செய்கிறார்கள். பேராசை தலைக்கேறி ஊர்களையும் ஆசிரமங்களையும் சூறையாடுகிறார்கள்.

இந்தக் கதையைப் பாரதத்தில் யார் யாருக்குச் சொல்கிறார்கள் தெரியுமா? துரியோதனன் சல்லியனுக்குச் சொல்கிறான்! கர்ணனுக்குத் தேரோட்ட மாட்டேன் என்று சல்லியன் முரண்டு பிடிக்கிறான். சிவனுக்குப் பிரமனே தேரோட்டினாரே, உமக்கென்ன கௌரவக் குறைச்சல் என்று எடுத்துக்காட்டத்தான் கதை. வில்லனுடைய வாயால் வில்லன்களின் கதை! துரியோதனன் தன்னைத் தேரின் பக்கத்தில் நிற்பவனாகத்தான் நினைத்துக்கொள்கிறான். தான் கோட்டைக்குள் இருப்பவன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத்தான் தோன்றும்?

பிறகு சிவபுராணம். இங்கேதான் என் தலை சுற்றியது. முப்புரத்தார் இதில் உத்தமமான சிவபக்தர்கள். நகரமெங்கும் வழிபாடு, தருமம். அவர்களுடைய ஒளி தாங்காமல் தேவர்கள் பொசுங்குகிறார்கள். சிவனோ, என் பக்தர்களை எப்படிக் கொல்வேன் என்கிறார். திருமால் ஒரு மாய மனிதனைச் சிருஷ்டிக்கிறார். மழித்த தலை, கையில் பீலி. வேதத்துக்கு மாறான போதனை. அவன் நகரத்துக்குள் போய் உபதேசம் செய்கிறான். மக்கள் மனம் மாறி வழிபாட்டை விடுகிறார்கள். இனி எரிக்கலாம் என்று ஆகிறது. அதாவது, தப்பு இல்லாதவர்களைத் தப்புச் செய்ய வைத்து, அந்தத் தப்புக்குத் தண்டனை! பேரன் கேட்டால் என்ன சொல்வது?

காலம் ஏற ஏற வில்லனுக்கு முதலில் பெயர் வருகிறது, பிறகு குடும்பம், பிறகு பக்தி. எரித்தவர்கள் பக்கந்தான் சங்கடம் வளர்கிறது. ஏதோ ஒரு தலைமுறையில் யாரோ ஒரு பையன் தன் பாட்டனாரிடம், அவர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று கேட்டிருக்கிறான். பாட்டனார் அதற்குப் பதில் கட்டப் போய்க் கதை பெருத்துவிட்டது.

மழித்த தலையும் பீலியும் எங்கிருந்து வந்தன? இதற்குத் திருவதிகையைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இன்றைய கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூர்தான் அன்றைய பாடலி என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பெரிய சமண மடம் இருந்த ஊர். சர்வநந்தி என்ற முனிவர் கி.பி. 458-இல் உலக அமைப்பைப் பற்றி 'லோகவிபாகம்' என்ற பிராகிருத நூலை அங்கே எழுதி முடித்தார். காஞ்சியில் பல்லவன் சிம்மவர்மனுக்கு அது இருபத்திரண்டாவது ஆட்சியாண்டு. மூலம் மறைந்துவிட்டது, வடமொழி வடிவம் இருக்கிறது. அந்த மடத்தில்தான் மருணீக்கியார் என்ற வேளாளப் பிள்ளை போய்ப் படித்து, தருமசேனர் என்று பெயர் பெற்று, தலைவராகவும் ஆனார். பிறகு சூலை நோய் கண்டு, திருவதிகையில் கோயிலை மெழுகிக்கொண்டிருந்த தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்து, திருநாவுக்கரசர் ஆனார்.

அப்புறம் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்வதெல்லாம் சித்திரக்கதைக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். நீற்றறை, நஞ்சு கலந்த சோறு, மத யானை, கல்லில் கட்டிக் கடலில் போடுவது. எதற்கும் அசையாத வீரன், கையிலோ புல் செதுக்கும் உழவாரம் மட்டும். வில்லன்கள் சமணத் துறவிகளும் அவர்கள் பேச்சைக் கேட்ட பல்லவ ராஜாவும். கல் மிதந்து பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்ந்ததும் ராஜா மனம் மாறுகிறான். பாடலியின் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு வந்து திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டுகிறான். குணபரன் என்பது மகேந்திர பல்லவனின் பட்டப்பெயர். கொடுமை செய்தவன் மனம் திருந்திக் கோயில் கட்டிய மகாராஜாவாகிவிட்டான். அவன் பேச்சைக் கேட்ட துறவிகளுக்குத்தான் திரும்பி வர வழியே இல்லை.

சேக்கிழார் இதை எழுதியது நடந்து ஐந்நூறு வருஷங்களுக்குப் பிறகு, பன்னிரண்டாம் நூற்றாண்டில். பாடலி மடத்தார் தங்கள் பக்கத்துக் கதையை எழுதியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? உலகத்தின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்த பள்ளிக்கூடம் அது. இடித்த செங்கல்லோடு அவர்கள் ஏடும் போய்விட்டது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். அப்பர் பெருமான் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவன். இன்றைக்கும் கேட்டால் கண் கலங்கும். இருந்தாலும், கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தங்கள் பக்கம் பேச ஆளில்லாத வில்லனைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அதே மகேந்திரனையும் அதே காலத்தையும் வைத்து 'சிவகாமியின் சபதம்' எழுதிய கல்கி, நாகநந்தி என்ற வில்லனுக்குப் புலிகேசியோடு பிறந்த இரட்டை என்று ஒரு பிறவிச் சோகத்தையும், நிறைவேறாத காதலையும் கொடுத்தார். நாவலை மூடிய பிறகு நாகநந்தியை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்த வாசகர்கள் எத்தனை பேர்!

தேவர்கள் பக்கமே எப்போதும் நியாயம் என்று நம் முன்னோர் நினைத்தார்களா என்பதும் சந்தேகந்தான். திருவதிகை அட்ட வீரட்டங்களில் ஒன்று. சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களிலும் அடி வாங்கியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். கண்டியூரில் பிரமன் தலை போயிற்று. பறியலூரில் தக்கன். குறுக்கையில் மன்மதன். கடவூரில் எமன். நாலு பேர் அசுரர்களே அல்ல, மேலுலகத்து உத்தியோகஸ்தர்கள்! கோவலூரின் அந்தகன், விற்குடியின் சலந்தரன், வழுவூரின் யானை, அதிகையின் முப்புரம் என்று மற்றப் பாதிதான் அசுரக் கணக்கு.

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் ராஜராஜன் காலத்துத் திரிபுராந்தகர் ஓவியம் ஒன்று இருக்கிறது. நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931-இல் கண்டு வெளிப்படுத்தியவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி. அந்த ஓவியத்தில் தேரில் நிற்கும் பெருமானின் கம்பீரத்தைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். என் கண் போனது எதிர்ப்பக்கத்துக்கு. உக்கிரமாக ஆயுதம் ஓங்கும் அசுரர்கள். அவர்களை ஒட்டி, பிடித்துக்கொண்டு, கலங்கி நிற்கும் பெண்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் தூரிகை பிடித்தவன் ஒருவனும், ராஜாவே வெற்றித் தெய்வமாகப் போற்றிய மூர்த்தியை வரையும்போது, கோட்டைக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கிறான்.

ஆனால் எனக்கு வேண்டிய பதில் கிடைத்தது தஞ்சையில் அல்ல, சுந்தரர் தேவாரத்தில். திருப்புன்கூர்ப் பதிகத்தில் அவர் போகிற போக்கில் ஒரு செய்தி சொல்கிறார். மூன்று எயிலையும் எரித்த நாளில் மூன்று பேர் பிழைத்தார்களாம். அவர்களில் இருவரைப் பெருமான் தன் கோயில் வாசலுக்குக் காவலாக வைத்தார். மூன்றாமவனுக்குத் தான் ஆடும்போது முழவு கொட்டும் பணி கொடுத்தார். வேதத்தில் பெயரில்லாமல் எரிந்தவர்கள், எட்டாம் நூற்றாண்டுத் தமிழில் வாயில் காப்போராகவும் வாத்தியக்காரராகவும் வேலைக்கு அமர்ந்துவிட்டார்கள்! இரும்புக்கை மாயாவி நிழற்படையில் சேர்ந்த மாதிரி.

இதைப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே திருப்புன்கூர் என்ற பெயர் உறுத்திற்று. நந்தன் நின்ற ஊர் அல்லவா? நந்தி விலகி வழிவிட்டும், வாசலுக்கு வெளியே நின்றபடியே தரிசனம் செய்த ஊர். அசுரன் வாசலில் காவல் நிற்கலாம். ஆதனூர்ப் புலையன் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. அங்கிருந்து அவன் சிதம்பரத்துக்குப் போக ஆசைப்பட்டு, நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாளைக் கழித்தான். சேக்கிழார் கதையில் அவனைத் தடுக்கும் வில்லன் என்று ஓர் ஆள் கிடையாது. தடை, ஊர் வழக்கமாக, காற்றைப் போல எங்கும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாகப் பாட வந்தபோது, நிலச்சுவான்தாரான ஒரு வேதியரைப் புதிதாகப் படைத்தார். நாற்பது வேலி நிலத்தையும் பயிர் செய்து முடித்துவிட்டுப் போ என்று அதட்டும் ஆண்டை! மூலத்தில் இல்லாத ஆளைச் சேர்க்கலாமா என்று புலவர்களுக்கு மனத்தாங்கல். ஜனங்களுக்கோ அந்த ஆளை உடனே அடையாளம் தெரிந்தது. அவரவர் ஊரிலும் ஒருவர் இருந்தார். வழக்கம் என்ற முகமில்லாத அரக்கனுக்கு ஒரு முகம், குடுமி, குரல் எல்லாம் வந்துவிட்டது. ஒரே இரவில் பயிர் விளைந்ததைக் கண்டு அந்த வேதியரும் கடைசியில் நந்தன் காலில் விழுகிறார். நந்தன் சிதம்பரத்தில் தீயில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. முப்புரம் எரிந்தது வில்லனுக்காக. இங்கே நெருப்பு வீரனுக்கு. இதைப் பேரனுக்கு எந்த வயதில் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வருஷ விடுமுறையில் மறுபடியும் போனோம். இந்தத் தடவை பலாப்பழம் இரண்டாம்பட்சம். கருவறைக்குப் போகும் வழியில் துவாரபாலகர்களின் முன்னால் பேரனை நிறுத்தினேன். கோரைப் பல், கையில் கதை, பிதுங்கும் விழி.

"போன வருஷம் கேட்டியே, அவங்க இவங்கதான்" என்று ஆரம்பித்து, வேதம் முதல் சுந்தரர் வரை சுருக்கமாகச் சொன்னேன். ரொம்பச் சுருக்கமாக என்றுதான் நினைத்தேன். அர்ச்சகர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அப்ப அவங்க தப்பு செஞ்சாங்களா, இல்லையா?"

"ஒரு புஸ்தகத்தில் செஞ்சாங்க. ஒரு புஸ்தகத்தில் செய்யலை. ஒரு புஸ்தகத்தில் செய்ய வெச்சாங்க."

அவன் இரண்டு காவல்காரர்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதில் வித்யுன்மாலி யாரு?"

"அது எழுதி வைக்கலைடா."

"அப்ப மத்தளம் அடிக்கிறவர் எங்கே?"

உள்ளே எட்டிப் பார்த்தோம். இருட்டில் விளக்கு மட்டும் தெரிந்தது. பையன் தோள் பையைத் திறந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முதலில் இரண்டு கட்டம் போட்டு வாயில் காப்போர் இருவரையும் வரைந்தான். மூன்றாவது கட்டத்தில் ஒரு பெரிய முழவும், அதன் மேல் நாலைந்து கைகளும் வந்தன. முகத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தான். என்ன முகம் போடுவது என்று என்னைக் கேட்டான்.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.